சூரியனைக் குறைத்த கணக்கு

வானம் பார்த்த சென்னை – பகுதி 19

வில்லியம் வில்சன் ஹண்டரின் கதையைச் சென்ற இதழில் பாதியில் விட்டிருந்தோம். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணமே சுருண்டு கிடந்த 1877-ல், நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் மழைக் கணக்கை வைத்துக்கொண்டு அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1813-லிருந்து எழுதிவந்த கணக்கு அது. சூரியனில் கரும்புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது, பதினோரு வருஷச் சுற்றில் இது திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர் கட்சி. நார்மன் லாக்கியர் மாதிரியான பெரிய வானியலாளரே அவரோடு சேர்ந்து லண்டன் பத்திரிகையில் எழுதினார். மற்ற ஊர்களின் மழைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் கட்சி ஆட்டம் கண்டது. சூரியனைப் பார்த்துப் பஞ்சத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற ஆசையும் மெல்ல அடங்கிப்போயிற்று.

ஹண்டர் சொன்ன விடைதான் தப்பு. அவர் எழுப்பிய கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. சூரிய வெளிச்சம் துளி குறைந்தால் நம் மழை என்ன ஆகும்? நூற்றிருபது வருஷம் கழித்து இதே கேள்வி வேறு வேஷத்தில் வந்தது. இந்தத் தடவை சூரியன் தானாக மங்குகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நாமே மங்க வைத்தால் என்ன என்று கேட்டார்கள். மங்க வைத்துப் பார்த்தது கணினிக்குள்.

அந்தக் கதைக்குள் போகுமுன் 1883-ல் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 26, 27 தேதிகளில் ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிராக்கட்டோவா எரிமலை வெடித்துச் சிதறியது. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் சென்னைப் பட்டணத்தார் காலையிலும் மாலையிலும் பச்சை நிறத்தில் சூரியனைப் பார்த்தார்கள். இலங்கையிலும் அப்படியே தெரிந்தது. அப்போது பாரிமுனைப் பக்கம் இருந்த கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவந்த சார்லஸ் மிச்சி ஸ்மித், ஸ்பெக்ட்ராஸ்கோப்பை அந்தச் சூரியன் பக்கம் திருப்பினார். ஒளியைப் பட்டையாகப் பிரித்து, எந்த நிறம் எவ்வளவு குறைந்து வருகிறது என்று குறித்துக்கொண்டார். சிவப்புப் பக்கம் பலமாக அடிபட்டிருந்தது. காரணம் காற்றிலுள்ள நீராவியா, எரிமலைத் தூசியா என்று கொஞ்ச காலம் வாதம் நடந்தது. லண்டன் ராயல் சொசைட்டி உலகமெங்குமிருந்து இப்படிப்பட்ட குறிப்புகளைத் திரட்டி 1888-ல் தடித்த அறிக்கையாகப் போட்டது. தூசிப்படலம் பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கு நோக்கிச் சுமார் இரண்டே வாரத்தில் உலகை ஒரு சுற்று சுற்றியிருந்தது என்பது அதில் தெளிவானது. மேல்காற்று அப்படி ஓடுகிறது என்பதே அதுவரை யாருக்கும் தெரியாது.

கோபாலபுரத்தில் குடியிருப்பவனுக்கு இந்தக் கதையில் ஒரு சொந்தம் உண்டு. ஜெமினி மேம்பாலத்தைத் தாண்டி காலேஜ் ரோடுக்குப் போனால், பழைய வானாய்வகம் இருந்த இடத்தில் இன்று மண்டல வானிலை ஆய்வு மையம். வானாய்வகக் கருவியைத் தாங்கிய பழைய கருங்கல் தூண் அங்கே நிற்கிறது. அதில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள். மழை நாளில் ‘நுங்கம்பாக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர்’ என்று செய்தியில் வருகிறதே, எங்கள் தெருவில் பெய்த மழைக்கும் அந்தக் கணக்குதான்.

மறுபடி எரிமலைக்கு வருவோம். அதன் சாம்பல் சீக்கிரம் கீழே இறங்கிவிடும். தங்குவது கந்தகம். மழை மேகங்களுக்கெல்லாம் மேலே இருக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கில் கந்தக டை ஆக்சைடு போய்ச் சேர்ந்தால், சில வாரங்களில் நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, ஓரிரு வருஷம் அங்கேயே மிதந்து, வருகிற வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். 1991 ஜூன் 15-ல் பிலிப்பைன்ஸின் பினடுபோ எரிமலை 1.5 கோடி முதல் 2 கோடி டன் வரை கந்தக டை ஆக்சைடை மேலே தள்ளியது. நாசாவின் ஜேம்ஸ் ஹேன்சன் குழு உடனே தன் காலநிலை மாதிரியை ஓட்டி, உலகச் சராசரி வெப்பநிலை அரை டிகிரி அளவுக்கு இறங்கும், பிறகு சில ஆண்டுகளில் பழையபடி ஏறும் என்று 1992 தொடக்கத்திலேயே அச்சில் சொன்னது. ஏறத்தாழ அப்படியே நடந்தது. காலநிலை மாதிரிகளைக் கேலி பேசியவர்கள் பலர் வாயடைத்துப் போனது அப்போதுதான்.

எரிமலை செய்வதை நாமே செய்தால் என்ன என்ற யோசனை அதற்கும் முந்தியது. சோவியத் விஞ்ஞானி மிகாயில் புடிக்கோ 1974-லேயே அதைச் சொல்லியிருந்தார். அமெரிக்காவில் ஹைட்ரஜன் குண்டின் தந்தை எனப் பெயர் வாங்கிய எட்வர்ட் டெல்லருக்கும் அவர் சிஷ்யர் லோவல் வுட்டுக்கும் இது மிகவும் பிடித்துப்போயிற்று. இருவரும் கலிபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். அணு ஆயுதத்துக்குப் பெயர்போன இடம். கரியமில வாயுவைக் குறைக்கப் பெரும் பணம் ஆகும், மேலே கொஞ்சம் துகள் தூவினால் மலிவாக முடிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். 1998-ல் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகரில் நடந்த கூட்டத்தில் வுட் இதை அடித்துப் பேசினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் கென் கால்டெய்ரா ஒருவர். அவரும் லிவர்மோர்க்காரரே. வுட் சொன்னதை அவர் நம்பவில்லை. மறுப்புக்கு நல்ல காரணமும் வைத்திருந்தார். கரியமில வாயு இரவு பகல் பார்க்காமல், துருவம் வெப்பமண்டலம் என்று பார்க்காமல் எங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. வெயிலோ பகலில் மட்டும் அடிக்கிறது, அதிலும் நம்மைப் போன்ற ஊர்களில்தான் அதிகம். எங்கும் ஏறிய சூட்டை ஒரு பக்கமாய் விழுகிற வெயிலைக் குறைத்து எப்படிச் சரிக்கட்டுவது? சராசரி சரியாக வந்தாலும், துருவங்கள் சுட்டுக்கொண்டே இருக்கும், வெப்பமண்டலம் குளிர்ந்துபோகும், பருவங்கள் குழம்பும் என்று எதிர்பார்த்தார். அதை நிரூபித்துக் காட்ட ஒரு மாதிரி ஓட்டம் வேண்டும். அந்த வேலையைச் செய்தவர் அதே ஆய்வகத்தில் இருந்த கோவிந்தசாமி பாலா.

இந்த இடத்தில் வாசகர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை. இவருடைய பழைய கட்டுரைகளைத் தேடினால் ‘பி. கோவிந்தசாமி’ என்று வரும், பிந்தியவற்றில் ‘ஜி. பாலா’. இரண்டும் ஒரே ஆள். நம்மூர் இனிஷியல் வெளிநாட்டுக்குப் போனால் படும் பாடு பாஸ்போர்ட் ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

மாதிரி என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் தேசிய வளிமண்டல ஆய்வு மையம் உருவாக்கிய ஒரு காலநிலை மாதிரி. பூமி முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தின் அகலம் நம் பகுதியில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே கோடு போட்டு அளந்தால் அவ்வளவுதான். கட்டத்தின் மேல் பதினெட்டு அடுக்குக் காற்று. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வெப்பநிலை, ஒரு ஈரம், ஒரு மழை. காற்று எப்படி நகரும், நீர் எப்படி ஆவியாகும், மேகம் எப்படிக் கூடும் என்ற சமன்பாடுகளை இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை எல்லாக் கட்டங்களுக்கும் போட்டுக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பல வருஷங்கள். அதில் சூரியன் என்பது ஒரே ஒரு எண். காற்று மண்டலத்தின் உச்சியில் சதுர மீட்டருக்குச் சுமார் 1367 வாட். பாலாவும் கால்டெய்ராவும் ஓர் ஓட்டத்தில் கரியமில வாயுவை இரட்டிப்பாக்கினார்கள். இன்னொன்றில் அதே இரட்டிப்போடு சூரிய எண்ணையும் 1.8 சதவீதம் குறைத்தார்கள். 1367 ஏறத்தாழ 1342 ஆயிற்று. கந்தகமில்லை, விமானமில்லை, கோப்பில் ஓர் எண்ணை மாற்றியதோடு சரி.

வந்த விடை கால்டெய்ரா எதிர்பார்த்தது அல்ல. சராசரி மட்டுமல்ல, துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் உள்ள வித்தியாசம், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாமே பெருமளவு பழைய நிலைக்குத் திரும்பியிருந்தன. ஆர்க்டிக் பனிக்கட்டி கரைவது குறைந்தால் வெயிலைப் பிரதிபலிக்கும் வெண்மை அங்கே தங்குகிறது; இந்த மாதிரியான பின்விளைவுகள் எல்லாம் சேர்ந்து இடைவெளியை மூடிவிட்டன. வுட்டைத் தோற்கடிக்கக் கிளம்பிய ஓட்டம் வுட்டுக்குச் சாதகமாக முடிந்தது. இருவரும் அதை மறைக்காமல் 2000-ல் ‘ஜியோபிசிகல் ரிசர்ச் லெட்டர்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அறிவியல் நாணயம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கட்டுரைதான். சூரியப் புவிப்பொறியியல் என்று இன்று சொல்லப்படும் துறையில், முழு உலகக் காலநிலை மாதிரியை வைத்துச் செய்த ஆராய்ச்சி இங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் அந்த மாதிரியின் கடலைக் கவனிக்க வேண்டும். கணக்கு வேலையைக் குறைக்க, கடலை ஓட்டமில்லாத தண்ணீர்ப் பாளமாக வைத்திருந்தார்கள். வெப்பத்தை வாங்கும், கொடுக்கும், நகராது. நீரோட்டம் இல்லாத கடலில் எல் நினோ வராது. தாது வருஷப் பஞ்சத்தோடு சேர்த்துப் பேசப்படுவது 1877-78-ன் பெரிய எல் நினோ. ஆக, ஹண்டரைப் பேனா எடுக்க வைத்த பஞ்சம் அந்தக் கணினி உலகில் நடக்கவே முடியாது. அமெரிக்காவில் உட்கார்ந்து வெப்பநிலையைப் பார்க்கிறவருக்கு இது சின்னக் குறை. நமக்கு அப்படியில்லை.

மழை விஷயத்தைக் கையில் எடுத்ததும் பாலாதான். பிலிப் டஃபி, கார்ல் டெய்லர் இருவரோடு சேர்ந்து 2008-ல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாதமியின் இதழில் எழுதிய கட்டுரை, என் பார்வையில் முந்தையதைவிட முக்கியமானது. கரியமில வாயுவால் பூமி ஒரு டிகிரி சுட்டால் உலக மழை 1.5 சதவீதம் கூடுகிறது. வெயிலால் ஒரு டிகிரி சுட்டால் 2.4 சதவீதம். இரண்டும் சமமில்லை. வடாம் போட்டவர்களுக்கு இது புரியும்: புழுக்கம் எவ்வளவு இருந்தாலும் காயாதது நேர் வெயிலில் ஒரு பகலில் காய்ந்துவிடும். வெயில் நேராகக் கடலிலும் மண்ணிலும் விழுந்து நீரைக் கிளப்புகிறது. கரியமில வாயு காற்றின் நடுவில் உட்கார்ந்து சூடாக்குகிறது. எனவே கரியமில வாயு ஏற்றிய சூட்டை வெயிலைக் குறைத்து இறக்கினால், வெப்பநிலை சமமாகும்போது மழை பழைய அளவுக்கும் கீழே போயிருக்கும். மழையைச் சமன் செய்தால் சூடு மிஞ்சும். இரண்டையும் ஒருசேரச் சரிக்கட்ட வழியில்லை.

இயற்கையும் சாட்சி சொல்லியிருந்தது. பினடுபோவுக்கு மறு ஆண்டு உலக நிலப்பரப்பில் மழையும் ஆறுகளில் ஓடிய நீரும் வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்ததை 2007-ல் கெவின் ட்ரென்பெர்த்தும் ஐகுவோ டாயும் கணக்கெடுத்துக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆலன் ரோபோக் குழு, ஆண்டுக்கு 50 லட்சம் டன் கந்தக டை ஆக்சைடு தூவினால் ஆசிய, ஆப்பிரிக்கக் கோடைப் பருவமழை தளரும் என்றது. நான்கு வருஷத்துக்கு ஒரு பினடுபோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தலைக்கு மேலேயே ஓர் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து அமெரிக்கா போன வீரபத்ரன் ராமநாதன், நோபல் பெற்ற பால் க்ருட்ஸனோடு சேர்ந்து 1999-ல் மாலத்தீவைத் தளமாக வைத்து ‘இண்டோயெக்ஸ்’ ஆய்வை நடத்தினார். வடக்கு இந்தியப் பெருங்கடல் மீது புகையும் தூசியும் கலந்த பழுப்புப் படலம் பரந்து கிடந்தது. அடுப்பு, டீசல், அனல்மின் நிலையம் எல்லாம் சேர்ந்து வைத்த படலம். அது தரைக்கு வரும் வெயிலை மறைக்கிறது, கடல் ஆவியாவதைக் குறைக்கிறது, பருவமழையைத் தளர்த்துகிறது என்று ராமநாதன் குழு 2005-ல் மாதிரிகளோடு எழுதியது. இந்திய நெல் விளைச்சலையும் அது குறைத்திருக்கிறது என்று மறு ஆண்டே இன்னொரு கட்டுரை. அதே 2006-ல்தான் க்ருட்ஸன், கரியமில வாயுவைக் குறைக்கும் பேச்சு பேச்சாகவே இருப்பதால் கந்தகத் தூவலை ஆராயவாவது செய்யுங்கள் என்று எழுதி, ஓரமாகக் கிடந்த விஷயத்தை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். காற்றை அழுக்காக்கினால் என்ன ஆகும் என்று நேரில் பார்த்தவர் அவர். அவரே இதைக் கேட்கும் நிலை வந்ததைத்தான் நான் கவலையோடு படித்தேன்.

பாலா பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்துவிட்டார். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நிதி கொடுக்க, இந்தியா மாதிரியான நாடுகளுக்கு இதனால் என்ன நேரும் என்ற கேள்வியோடு அங்கே மாதிரி ஆராய்ச்சி நடந்தது. இந்தத் தடவை வெறும் எண்ணை மாற்றுவதோடு நிற்கவில்லை. எந்த அட்சரேகையில், எந்த உயரத்தில் துகளைத் தூவுகிறோம் என்பதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். விடை நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும். ஆர்க்டிக் பனியைக் காப்பாற்றுகிறேன் என்று வடக்கே மட்டும் தூவினால் இந்தியப் பருவமழை குறையும். தெற்கு அரைக்கோளத்தில் தூவினால் கூடும். குளிர்ந்த பக்கத்தை விட்டு வெப்பமண்டல மழைப்பட்டை விலகிப் போவதுதான் காரணம். அதாவது, எங்கோ ஒரு நாடு தன் நன்மைக்கு எங்கே தூவலாம் என்று எடுக்கும் முடிவில் நம் ஏரி நிரம்புவதும் வற்றுவதும் இருக்கிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வெப்பம் குறைந்து கரியமில வாயு மட்டும் காற்றில் இருந்தால் பல இடங்களில் பயிர் விளைச்சல் கூடும் என்று 2012-ல் வந்த மாதிரி ஆய்வு காட்டியது. கத்திரி வெயிலில் கட்டட வேலை செய்கிறவரிடம் போய் ஒரு டிகிரி குறைத்தால் வேண்டாமா என்று கேட்டால் என்ன சொல்வார்? அவர் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தொடங்கினால் நிறுத்த முடியாது என்பதுதான் இதில் பெரிய பொறி. கரியமில வாயுவைக் குறைக்காமல் தூவிக்கொண்டே போய், போராலோ பணமுடையாலோ திடீரென்று நிறுத்த நேர்ந்தால், இன்றைய வேகத்தைப் போல இருபது மடங்கு வரை வேகத்தில் பூமி சூடாகும் என்று மேத்யூஸும் கால்டெய்ராவும் 2007-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்.

2024 தொடக்கத்தில் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் இதை ஆராய நிபுணர் குழு அமைக்கலாம் என்று சுவிட்சர்லாந்து கொண்டுவந்த தீர்மானம் ஒத்த கருத்து இல்லாமல் திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், ஸ்ட்ராட்டோஸ்பியரில் சிறு சோதனை செய்யப் பல வருஷமாகத் திட்டமிட்டிருந்த ஹார்வர்டு குழுவும் கையைக் கழுவிற்று. இப்போதைக்குப் பெரும்பாலும் கணினிதான் களம். அங்கேயே இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் அங்கே நாமும் இருக்க வேண்டும்.

ஏனென்றால் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. நான் மேலே சொன்ன ஆய்வுகளில் ‘இந்திய மழை’ என்று வருவது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான். சென்னை குடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. 2015 டிசம்பரில் மூழ்கியதும், 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியதும் வடகிழக்குப் பருவமழை கூடியதாலும் பொய்த்ததாலும். 300 கிலோமீட்டர்க் கட்டத்தில் வங்கக் கடல் புயல் உருப்படியாகத் தெரியாது. இப்போதைய மாதிரிகளின் கட்டங்கள் அதைவிடச் சிறியவை, கடலும் ஓடுகிறது. பல நாட்டு மாதிரிகளை ஒரே விதிமுறையில் ஓட்டும் ‘ஜியோமிப்’ திட்டம் 2011 வாக்கில் தொடங்கி நடந்துவருகிறது. அதன் விடைக் கோப்புகள் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. கிண்டியிலும் சேப்பாக்கத்திலும் கணினியோடு உட்கார்ந்திருக்கும் மாணவர்களே, ஆய்வுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தால் அதை இறக்கி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மட்டும் பிரித்து, நுங்கம்பாக்கத்தின் 1813 முதலான கணக்கோடு வைத்துப் பாருங்கள். என்ன வந்தாலும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள்.